சூட்டில் தூங்கிய சைக்கிள்

பனிக்குவியலுக்குள் சைக்கிளோடு போய் இடுப்புவரை உட்கார்ந்துவிட்டால், அதற்குப் பெயர் விழுவதா, இல்லையா? ரைலி இதைக் கேட்டபோது நான் சிரித்து வைத்தேன். ரைலி சிரிக்கவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவருடைய குளிர்காலம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது.

ரைலிக்கு அறுபத்தொரு வயது. வடகோடிக் குளிர்நாட்டில் இருக்கும் எங்கள் ஔலு நகரத்தில், ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஒரு பள்ளியின் சமையலறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். வீடு வடக்கே, பழைய துறைமுகம் இருக்கும் தொப்பிலாவில். நடுவில் ஆறு. வீட்டிலிருந்து பள்ளிக்குச் சைக்கிளில் இருபத்தெட்டு நிமிடம். பனிக்காலத்தில் நான்கைந்து நிமிடம் கூட ஆகும்.

கணவர் இல்மாரி முப்பத்தெட்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேருந்துக்காரர் மனைவி சைக்கிளில் போகிறார் என்பது துறைமுகத்துக் காப்பிக் கடையில் தீராத கிண்டல். இல்மாரி ஓட்டுகிற லட்சணம் வீட்டில் இருக்கிறவளுக்குத்தானே தெரியும் என்பார்கள். இல்மாரி காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வருவார். வேலைக்குப் போகும்போதும் காரில்தான் போனார், ஓய்வு பெற்ற பிறகும் எங்கே போனாலும் கார்தான். பேருந்தில் பயணியாக ஒரு நாளும் ஏறியதில்லை.

ரைலி கிளம்புவது காலை ஐந்தே முக்காலுக்கு. ஜனவரியில் அதைக் காலை என்பதே ஒரு மரியாதைக்குத்தான். சூரியன் வர இன்னும் நாலரை மணி நேரம் இருக்கும். ஆனாலும் பனி கிடக்கிற ஊரில் முழு இருட்டு கிடையாது. கூரை, வேலி, மரம் எல்லாம் உள்ளுக்குள் ஒரு சின்ன விளக்கை வைத்துக்கொண்டு தூங்குவது போல மெல்ல வெளிச்சம் காட்டும். அந்த நேரத்துக்குள் பனி ஒதுக்கும் வண்டி சைக்கிள் பாதையைச் சீவிவிட்டுப் போயிருக்கும். இறுகிய வெள்ளைத் தரையில் டயரில் பதித்த ஆணிகள், வாணலியில் கடுகு பொரிவது போலச் சடசடக்கும். குளிர் கூடக் கூட அந்தச் சத்தம் மெலிந்து உயரும். சத்தத்தைக் கேட்டே மைனஸ் பதினைந்தா இருபத்தைந்தா என்று ரைலி சொல்லிவிடுவார்.

அணைக்குக் கீழே ஆறு உறைவதில்லை. கடுங்குளிரில் அந்தத் தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து பாலம் முழுவதையும் மூடிவிடும். விளக்குக் கம்பங்கள் கால் இல்லாமல் மிதக்கும். அப்போது ரைலி தான் கடலுக்கடியில் போவதாக நினைத்துக்கொள்வார். ஊர் மூழ்கி வெகு காலம் ஆயிற்று. யாருக்கும் அதில் வருத்தமில்லை. எல்லாரும் மெதுவாக நகரப் பழகிக்கொண்டார்கள். எதிரே வரும் சைக்கிள் விளக்கு ஏதோ ஒரு மீனின் கண். பக்கத்தில் வந்ததும் அது மனிதராகிக் கடந்து போகும். போனதும் மறுபடி மீனாகிவிடும். சமையலறையில் நாள் முழுக்கப் புகைபோக்கியின் இரைச்சல், வீட்டில் தொலைக்காட்சி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த அரை மணி நேரம் அவருடையது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லுகிற மாதிரி அது இருந்ததும் இல்லை.

எதிரே வருகிறவர்களில் பச்சை மேலங்கிக்காரர் ஒருவர் உண்டு. பதினொரு வருடமாகத் தினமும் ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எதிர்ப்படுவார். ஹேண்டில்பாரிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். ரைலியும் ஒரு விரலைத் தூக்குவார். அதற்கு மேல் பழகினால் எங்கள் ஊரில் அது அத்துமீறல்.

கனவு கண்டுகொண்டு போனாலும் ரைலியின் கையும் காலும் தூங்குவதில்லை. நவம்பர் பிறந்ததும் சீட்டை இறக்கிவிடுவார், உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையைத் தொட வேண்டும். வாசலில் ஒரு முறை பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமல் தெருவில் இறங்க மாட்டார். திருப்பத்தில் பிரேக் பிடிக்கவே மாட்டார், திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிறகு வண்டியை அதன் போக்கில் விடுவார். அப்படிப்பட்டவரும் போன மார்ச்சில் விழுந்தார்.

விழ வைத்தது குளிர் அல்ல. கடுங்குளிரில் பனி மணல் மாதிரி டயரைப் பிடித்துக்கொள்ளும். எமன் வருவது பூஜ்யத்தில்தான். வெயில் கொஞ்சம் ஏறி, பனிக்கட்டியின் மேல் மழை தூறி, அதன் மேல் மறுபடி உறைகிற நாளுக்கு இங்கே 'மண்டையோட்டு நாள்' என்று பெயர். வானொலியில் அந்தச் சொல் வந்துவிட்டால் வயதானவர்கள் கதவைத் திறக்க மாட்டார்கள். அன்று வானொலி அதைச் சொன்னபோது ரைலி குளித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. ஹெல்மெட் பிளந்தது. இல்மாரி அந்த ஹெல்மெட்டைத் தூக்கி எறியவில்லை. கொட்டகையில் ஓர் ஆணியில் மாட்டி வைத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

அக்டோபரில் முதல் பனி விழுந்த அன்று, சாப்பாட்டு மேசையில் அவர் வாயைத் திறந்தார்.

"இன்னொரு தடவை விழுந்தா, அப்புறம் பஸ்தான்."

ரைலி உருளைக்கிழங்கின் தோலை உரித்து முடித்தார்.

"விழுந்தா பஸ்," என்றார்.

மேசைக்கு மேலே கையை நீட்டிக் குலுக்கிக்கொண்டார்கள். கைகுலுக்கிச் சொன்ன சொல்லுக்கு மேல் இங்கே பத்திரம் எதுவும் கிடையாது.

நவம்பர் நன்றாகப் போனது. டிசம்பரும் போனது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டு மண்டையோட்டு நாட்கள் வந்தன. இரண்டு நாளும் ரைலி வானொலி கேட்ட பிறகே குளித்தார். சைக்கிளை விட்டுவிட்டு, காலணிக்கு அடியில் ஆணித்தகடு மாட்டி நடந்தே போனார். இல்மாரி தினமும் மூன்றே கால் மணிக்கு ஜன்னலுக்குப் போய் வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்ப்பார். ரைலி தெருமுனையில் தெரிகிறவரைக்கும் அதைப் படித்து முடிக்க மாட்டார்.

ஜனவரியின் கடைசிப் புதன்கிழமை மாலை நல்ல பனி கொட்டியது. ரைலி வெள்ளை மனுஷியாக வந்து சேர்ந்தார், சைக்கிளிலும் பனி அப்பியிருந்தது. புதன்கிழமை சவுனா நாள், வீட்டோடு ஒட்டிய மர அறையில் நீராவிக் குளியல். இல்மாரி அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். உடம்பில் தட்டிக்கொள்ள, கோடையில் கட்டி உறைய வைத்த பிர்ச் மரத்து இலைக் கொத்து ஒன்றைச் சுடுதண்ணீரில் போட்டிருந்தார். இருவரும் ஆவியில் வெந்து, வெளிவாசலில் நின்று உடம்பிலிருந்து புகை எழுவதைப் பார்த்தார்கள். வானம் தெளிந்துகொண்டிருந்தது. தெளிந்த வானம் என்றால் குளிர் இறங்கும். வெப்பமானியைப் பார்த்த இல்மாரி, விடிவதற்குள் மைனஸ் இருபத்தாறுக்குப் போய்விடும் என்றார். ரைலி எட்டரைக்கே படுத்துவிட்டார்.

காலையில் ரைலி எழுந்தபோது இல்மாரி காப்பி போட்டிருந்தார். செய்தித்தாளை எடுத்துவரப் போனவர் திரும்பி வந்து, சைக்கிளை வாசலுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். இப்படி அவர் செய்வதில்லை. குளிர் அதிகம் என்பதால் இருக்கும் என்று ரைலி நினைத்தார். சைக்கிளில் ஒரு துளிப் பனி இல்லை, துடைத்து வைத்தது போல இருந்தது. பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் பிடித்தன. கிளம்பினார்.

அன்று ஆணிகளின் சத்தம் கண்ணாடியைப் போல மெலிந்திருந்தது. மூச்சு இமையில் ஒட்டி உறைந்து, விளக்கைச் சுற்றியெல்லாம் வளையம் தெரிந்தது. தெரு நீண்டுகொண்டே போனது. எங்கிருந்தோ பிர்ச் இலை வாசனை வந்தது. நேற்றைய சவுனா இன்னும் தோலில் இருக்கிறது என்று ரைலி நினைத்துக்கொண்டார். குளிருக்கு நடுவே அந்தக் கோடை வாசனை அவரைத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

சுரங்கப்பாதைக்கு இறங்கும் சரிவில் வழக்கம்போல் திருப்பத்துக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தார். லீவர் அசையவில்லை. கல்லைப் பிடித்தது போல இருந்தது. மற்றக் கையையும் இறுக்கினார். அதுவும் கல். கீழே திருப்பம். திருப்பத்தில் கான்கிரீட் சுவர். சுவருக்குள்ளிருந்து ஒரு மீன்கண் மேலே வந்துகொண்டிருந்தது.

யோசிக்க நேரமில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது போலவும் இருந்தது. இடது பக்கம் வண்டி ஒதுக்கிப் போட்ட பனி மேடு ஆள் உயரத்துக்கு நின்றது. ரைலி முன்சக்கரத்தை அதற்குள் திருப்பினார். சத்தமே இல்லை. உலகம் வெள்ளையாகி, பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. அவர் இடுப்புவரை பனிக்குள் உட்கார்ந்திருந்தார். மேலே கிளம்பிய பனித்தூள் விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு அவசரமில்லாமல் கீழே இறங்கியது. அதற்கும் மேலே நட்சத்திரங்கள். கையை அசைத்தார், காலை அசைத்தார். எங்கும் வலியில்லை. சொல்லப்போனால், இவ்வளவு சுகமாக அவர் உட்கார்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

பச்சை மேலங்கிக்காரர் சைக்கிளை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படுத்திருக்கீங்களா, இல்ல விழுந்துட்டீங்களா?"

"இன்னும் முடிவு பண்ணல," என்றார் ரைலி.

அவர் அதை யோசித்துப் பார்த்துத் தலையசைத்தார். "அவசரமில்ல."

பிறகு கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். சைக்கிளை இழுத்து நிமிர்த்தி, பிரேக் லீவரை அழுத்திப் பார்த்தார். விளக்கைக் கழற்றி பிரேக் வயர் நெடுக வெளிச்சம் அடித்தார்.

"இது நேத்து எங்க தூங்கிச்சு?"

"கொட்டகையிலதான். எப்பவும் அங்கதான்."

"கொட்டகையில தூங்குற சைக்கிளுக்கு வேர்க்காது." வயரின் உறை முடிகிற இடத்தில் மணி மணியாகப் பனிக்கட்டி கோத்திருந்தது. அவர் குனிந்து சீட்டை முகர்ந்தார். "பிர்ச் இலை வாசனை. இது சவுனாவுக்குப் போயிட்டு வந்திருக்கு. நானே ரெண்டு வாரமா போகல."

ரைலி சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தான் படுத்த பிறகு இல்மாரி இதை உள்ளே கொண்டுபோயிருக்கிறார். சவுனாவின் முன்னறைச் சூட்டில் பனி உருகி வயருக்குள் இறங்கியிருக்கிறது. வெளியே எடுத்தபோது அது தண்ணீராக இருந்ததால் வாசலில் பிரேக் பிடித்தது. பத்து நிமிடக் குளிரில் உறைந்துவிட்டது. சைக்கிளைச் சூட்டில் வைக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். இல்மாரி சைக்கிள் ஓட்டுகிறவர் அல்ல. பேருந்துப் பணிமனையில் குளிர்காலம் முழுக்க எஞ்சின்களுக்கு மின்சாரத்தில் சூடு கொடுத்து வைப்பார்கள். வீட்டு வாசலில் காருக்கும் அப்படித்தான். சில்லிட்ட வண்டியை எடுப்பது அவருக்குப் பாவம் மாதிரி.

சாயங்காலமும் ஏற வேண்டாம், தள்ளிக்கொண்டே போங்கள் என்று சொல்லிவிட்டுப் பச்சை மேலங்கிக்காரர் கிளம்பிவிட்டார். பெயரை அவரும் சொல்லவில்லை, ரைலியும் கேட்கவில்லை. பதினொரு வருடத்துப் பேச்சும் அதோடு முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை பட்டாணி சூப். நானூறு பிள்ளைகளுக்கான பெரிய பாத்திரத்தைக் கிளறியபடியே ரைலி சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். உட்கார்ந்தேன். இறங்கினேன். சாய்ந்தேன். எதுவும் பொய்யில்லை. அடிபடவில்லை, சைக்கிளுக்கும் கீறல் இல்லை. விழுந்தேன் என்று சொன்னால் பாலம் போயிற்று, ஆற்றுப் புகை போயிற்று, கடலுக்கடியில் போகிற அரை மணி நேரம் போயிற்று. ஏன் விழுந்தேன் என்று சொன்னால் இல்மாரி உடைந்துபோவார். ஒன்றுமே சொல்லாமல் விடலாம். ஆனால் இரவுக்கு மைனஸ் இருபத்தெட்டு என்று வானொலி சொல்லியிருந்தது. சொல்லாவிட்டால் சைக்கிள் இன்றைக்கும் சவுனாவுக்குப் போகும்.

தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர நாலரை ஆயிற்று. இல்மாரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுச் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"ஏன் தள்ளிக்கிட்டு வர்ற?"

"பனிமேட்டுல போய் உட்கார்ந்துட்டேன்."

"உட்கார்ந்தியா?"

ரைலி தொப்பியைக் கழற்றினார். காலையிலிருந்து தேடிய சொற்களெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன.

"விழுந்தேன்," என்றார். "பிரேக் உறைஞ்சிருந்துச்சு."

இல்மாரி கைவிளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். வண்டியோடு முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்தவருக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் விளக்கு வெளிச்சம் அங்கேயே நின்றது. ரைலி காப்பி போட்டார், அது ஆறியது, மறுபடி போட்டார். இல்மாரி திரும்பி வந்தபோது காலணியைக் கழற்றவில்லை. பனிக்காலணியோடு சமையலறை நடுவில் வந்து நின்றார். அந்த வீட்டில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

"வண்டின்னா சூடு பண்ணித்தானே எடுக்கணும்," என்றார்.

"எஞ்சின் இருக்கிற வண்டிக்கு. இதுல எஞ்சின் நான்தான். சூடு பண்ணணும்னா என்னைப் பண்ணு."

இல்மாரி சிரிக்கவில்லை. காலணியிலிருந்து பனி உருகித் தரையில் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்ச்ல ஆஸ்பத்திரிக்கு வந்தேன்ல. உன்னைக் காட்டல. ஹெல்மெட்டை ஒரு பையில போட்டு என் கையில கொடுத்தாங்க. ஒரு மணி நேரம், அந்தப் பை மட்டும்தான் இருந்துச்சு எங்கிட்ட."

நாற்பது வருடத்தில் இவ்வளவு நீளமாக அவர் பேசி ரைலி கேட்டதில்லை. காப்பியை ஊற்றினார். இருவரும் குடித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நீலம் கறுத்து முடிந்தது. பிறகு ரைலியே சொன்னார், கை கொடுத்தது கொடுத்ததுதான், நாளையிலிருந்து பஸ் என்று. அழாமல் சொன்னார். சைக்கிளை வசந்தம் வரைக்கும் மூடி வைக்கத் துணி எங்கே என்று கூடக் கேட்டார்.

இல்மாரி கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து கார்ச் சாவியை எடுத்து மேசையில் வைத்து, ரைலியின் பக்கமாகத் தள்ளினார்.

"விழுந்தது நீ இல்ல. நான். பஸ்ல நான் போறேன்."

"நீ எங்க போவ?"

"பஸ் எங்க போகுதோ அங்க."

ரைலி அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை. கையை நீட்டினார். மறுபடி குலுக்கிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் ரைலி நடந்து போனார். இல்மாரி பிரேக் வயர்களை மாற்றினார், குளிர்ந்த கொட்டகையிலேயே, விரல் மரத்துப்போக உட்கார்ந்து. திங்கட்கிழமையிலிருந்து ரைலியின் கையுறையும் தொப்பியும் காலையில் அடுப்பு மேல் சுடச்சுட இருந்தன. சைக்கிள் குளிரில் நின்றது.

இல்மாரியும் சொன்னபடி பேருந்தில் ஏறினார். முதல் வாரம் ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, அவன் திருப்பத்தில் பிரேக் பிடிக்கிறான் என்று வீட்டுக்கு வந்து புலம்பினார். உன்னிடம் வந்து கற்றுக்கொள்ளட்டும் என்பது போலத் தலையை ரைலியின் பக்கம் ஆட்டினார். யாரும் பார்க்காதபடி காப்பிக் கடைக்கு மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கியும் தப்பவில்லை, கிண்டலைக் கேட்டுக்கொண்டே காப்பி குடித்தார். பிப்ரவரி பாதியில் புலம்பல் குறைந்தது. ஒரு மத்தியானம் கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. பல்லாயிரம் தடவை விழித்த கண்ணோடு ஓட்டிய அதே பாதையில், உறைந்த ஜன்னலில் தலையைச் சாய்த்து அவர் தூங்கிவிட்டிருந்தார். என்ன கனவு என்று ரைலி கேட்டார். வண்டி தானாகவே போய்க்கொண்டிருந்தது, தான் எங்கும் எதையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை என்றார் இல்மாரி. அதற்கப்புறம் வாரத்தில் இரண்டு நாள், போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமலேயே அவர் கடைசி நிறுத்தம்வரை போய் வருகிறார்.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். குளிரில் சைக்கிள் ஓட்டிப் போகிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் திரும்பி வருகிறவரை வீட்டில் காத்திருப்பவர் யாரோ, அவரிடம் சொல்லுங்கள்.